அஸடீக் தீவில் குடும்பத்தோடு கூடாரம் போடப் போகிறவர்களுக்கு

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வடக்கு வர்ஜீனியாவில் இருக்கும் குடும்பம், 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா. யாரும் இதுவரை கூடாரத்தில் படுத்ததில்லை. ஜூலை கடைசி வாரம் மேரிலாந்தின் அஸடீக் மாநிலப் பூங்காவில் இரண்டு ராத்திரி தங்கி, காட்டுக்குதிரைகள் கடலில் நீந்துவதைப் பார்க்க ஆசை. என்ன எடுத்துப் போக வேண்டும், அம்மாவுக்குச் சரிப்படுமா, குதிரை கூடாரத்துக்கே வந்துவிடும் என்கிறார்களே, பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயமில்லையா?

நான் 11 வருடமாக அங்கே போய்க்கொண்டிருக்கிறேன், சில வருடம் இரண்டு தடவைகூட. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நீச்சல் விஷயம். அது நீங்கள் தங்கப்போகும் இடத்தில் நடப்பதில்லை. அஸடீக் 37 மைல் நீளமுள்ள ஒல்லியான மணல் தீவு, வடக்கே மூன்றில் இரண்டு பங்கு மேரிலாந்தில், தெற்கே மீதி வர்ஜீனியாவில். மாநில எல்லையில் குறுக்கே ஒரு வேலி, அதற்கு இந்தப் பக்கம் ஒரு குதிரைக் கூட்டம், அந்தப் பக்கம் இன்னொன்று. வர்ஜீனியாப் பக்கத்துக் குதிரைகள் ஷிங்கடீக் ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குச் சொந்தமானவை. ஜூலை கடைசிப் புதன்கிழமை அவற்றைக் கால்வாயில் இறக்கி நீந்தவைத்து ஊருக்குள் ஓட்டிவருவார்கள், மறுநாள் குட்டிகளை ஏலம் விடுவார்கள், 1925-லிருந்து நடக்கிற விழா அது. தீவுக்குள்ளேயே வடக்கிலிருந்து தெற்கே போகச் சாலை கிடையாது. பாலம் ஏறி நிலத்துக்கு வந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். வர்ஜீனியாப் பக்கத் தீவில் கூடாரம் போட அனுமதியும் இல்லை. ஆகவே விழாதான் முக்கியம் என்றால் ஷிங்கடீக் ஊரில் அறை எடுத்துத் தங்குவது நல்லது. குதிரைகளோடு ஒரு தீவில் இரண்டு நாள் இருக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் மேரிலாந்துப் பக்கம் போங்கள், ஆனால் தயவுசெய்து ஜூலை கடைசியில் போகாதீர்கள். காரணம் கொசுவும் ஈயும், அதைக் கீழே சொல்கிறேன். செப்டம்பர் முதல் திங்களில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் தினம் கழிந்த பிறகு வரும் இரண்டு மூன்று வாரம்தான் என் கணக்கில் அருமையான நேரம்: தண்ணீரில் இன்னும் சூடு இருக்கும், கூட்டம் வடிந்திருக்கும், ராத்திரி போர்வை கேட்கும் அளவுக்கு மட்டும் குளிரும்.

அடுத்து, எங்கே தங்குவது. மேரிலாந்துப் பக்கம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பூங்கா இருக்கிறது, நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று மாநிலப் பூங்கா. மேரிலாந்தில் நேரே அட்லாண்டிக்கைப் பார்த்திருக்கும் மாநிலப் பூங்கா இது ஒன்றுதான், சுமார் இரண்டு மைல் கடற்கரை. இன்னொன்று அதைச் சுற்றி வடக்கேயும் தெற்கேயும் விரியும் தேசியக் கடற்கரை, அது மத்திய அரசின் பொறுப்பு. தேசியப் பக்கம் இடம் அழகு, கூட்டமும் குறைவு, ஆனால் கழிப்பறை ரசாயனத் தொட்டி வகை, குளிக்கக் குளிர்ந்த தண்ணீர் மட்டும். மாநிலப் பூங்காவில் வெந்நீர் வரும் குளியலறையும் தண்ணீர் விடும் கழிப்பறையும் உண்டு. முதல் தடவை போகிறீர்கள், அம்மா வேறு வருகிறார்கள், யோசிக்கவே வேண்டாம், மாநிலப் பூங்கா. மணல்மேட்டுக்குப் பின்னாலேயே கூடார இடங்கள் வட்ட வட்டமாக அமைந்திருக்கும், மேட்டைக் கடக்கும் பாதையில் நடந்தால் கடல். இடம் பிடிக்கும்போது குளியலறையிலிருந்து மிகத் தூரமாக இல்லாத இடமாகப் பாருங்கள், ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவோடு டார்ச் அடித்துக்கொண்டு மணலில் நடக்கப்போவது நீங்கள்தான். ஓராண்டுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும், கோடை வார இறுதிகள் சீக்கிரம் தீர்ந்துபோகும். செப்டம்பரில் வெள்ளி சனி கிடைக்காவிட்டால் ஞாயிறு திங்கள் பாருங்கள். யாராவது கடைசி நேரத்தில் ரத்து செய்வதும் நடக்கும், அதனால் தினமும் ஒரு தடவை எட்டிப் பார்ப்பது வீண் போகாது.

சரி, குதிரைக்கு வருவோம்.

நம் ஆட்களுக்குக் கடற்கரைக் குதிரை ரொம்பப் புதிதில்லை. கோடியக்கரையில் வெளிமான்களோடு திரியும் மட்டக்குதிரைகளைப் பார்த்தவர்கள் இருப்பார்கள், நெடுந்தீவில் போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து தங்கிப்போன குதிரைகளைப் பற்றிக் கேட்டவர்களும் இருப்பார்கள். அஸடீக்கிலும் இதே கதைதான். இவை ஆதியிலிருந்தே காட்டில் இருந்தவை இல்லை, வீட்டுக் குதிரைகளின் வாரிசுகள். ஸ்பெயின் நாட்டுக் கப்பல் உடைந்து நீந்திக் கரையேறிய குதிரைகள் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். 17-ஆம் நூற்றாண்டில் கரையில் குடியேறியவர்கள், கால்நடை வரிக்கும் வேலி போடும் சட்டத்துக்கும் தப்பிக்கத் தீவில் மேயவிட்டவை என்பதற்குத்தான் வரலாற்றில் வலு அதிகம். ஆனால் கப்பல் கதையையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஹைட்டியில் 16-ஆம் நூற்றாண்டு ஸ்பானியக் குடியிருப்பு ஒன்றில் கிடைத்த குதிரைப் பல்லின் மரபணுவை ஆராய்ந்து 2022-இல் ஒரு கட்டுரை வந்தது, இன்று உயிரோடிருக்கும் இனங்களில் அந்தப் பல்லுக்கு மிக நெருக்கமாக வந்தவற்றில் ஷிங்கடீக் குதிரையும் ஒன்று. பிள்ளைகளுக்கு வண்டியில் போகும்போது சொல்ல நல்ல கதை.

பார்க்கக் குட்டையாக, வயிறு உப்பி இருக்கும். நன்றாகத் தின்று கொழுத்தது என்று நினைத்துவிடாதீர்கள். சதுப்பில் வளரும் உப்புப் புல்தான் முக்கிய உணவு, அந்த உப்புக்காக வீட்டுக் குதிரை குடிப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கின்றன, அதனால்தான் அந்த ஊதல். ஓர் ஆண் குதிரை, அதோடு சில பெண் குதிரைகள், குட்டிகள் என்று சிறு சிறு குடும்பமாகத் திரியும். கோடையில் பகலில் கடற்கரைக்கு வந்து அலை நுரையில் காலை வைத்துக்கொண்டு நிற்கும், நம்மைப் போலக் காற்று வாங்க வந்த மாதிரி இருக்கும். உண்மையில் சதுப்பு ஈக்கள் தாங்காமல் காற்றடிக்கும் இடம் தேடி வருகின்றன. மேரிலாந்துக் கூட்டத்தை 80 முதல் 100 வரைக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது பூங்காவின் கணக்கு. அதற்கு மேல் போனால் மணலைப் பிடித்து வைத்திருக்கும் புல்லையே தின்று தீர்த்துவிடும். அதற்காக 1994-இல் பெண் குதிரைகளுக்குத் தூரத்திலிருந்தே ஊசி எய்து கருத்தடை மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். வழக்கமாகப் பிடிப்பதில்லை, ஏலம் விடுவதில்லை, நோய் வந்தால் வைத்தியமும் பெரும்பாலும் கிடையாது. மற்றக் காட்டு விலங்குகளைப் போலவே விட்டுவிடுகிறார்கள்.

ஆமாம், கூடாரத்துக்கு வரும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். விடிகாலையில் கூடாரத் துணிக்கு அந்தப் பக்கம் புல்லைப் பிடுங்கும் சத்தம், மூச்சு விடும் சத்தம் கேட்டு நான் எழுந்திருக்கிறேன். பயமா என்று கேட்டீர்கள். பொதுவாக அது தானாகத் துரத்திக்கொண்டு வராது. மனிதர்கள் கிட்டே போவதால்தான் பிரச்சினை வருகிறது. ஒவ்வொரு வருடமும் கடிபட்டவர்கள், உதைபட்டவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் படம் எடுக்கவோ தொட்டுப் பார்க்கவோ போனவர்கள். விதி 40 அடி, அதாவது ஒரு பேருந்து நீளம். உங்கள் 5 வயதுப் பிள்ளைக்கு அடி கணக்குப் புரியாது, வீட்டிலிருந்து புறப்படும் முன்பே தெருவில் ஒரு பள்ளிப் பேருந்தைக் காட்டி, குதிரைக்கும் உனக்கும் நடுவில் இது நிற்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கமாக அதுவே நடந்து வந்தால் தூரம் காக்க வேண்டியவர் நீங்கள்தான், நாற்காலியை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் நகர்ந்துபோங்கள், சாமானைக் காப்பாற்ற நிற்க வேண்டாம். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் மட்டும் போய்விடாதீர்கள்.

இப்போது சாப்பாடு. இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே சிப் என்று ஒரு ஆண் குதிரை இருந்தது. கூடாரம் போடும் இடங்களில் ஐஸ் பெட்டியைத் திறந்தால் சாப்பாடு கிடைக்கும் என்று அது கற்றுக்கொண்டது, யாரோ மறந்து வைத்த ரொட்டி, யாரோ ஆசையாக நீட்டிய ஆப்பிள், இப்படித்தான் கற்றிருக்கும். போகப் போக விரட்டினால் நகராது, விரட்டுகிறவர்கள் மேல் பாய ஆரம்பித்தது. கடைசியில் 2022-இல் அதைத் தீவிலிருந்து பிடித்து டெக்சஸில் ஒரு விலங்குச் சரணாலயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பிறந்த தீவு, கூட்டம், கடல் எல்லாம் போயிற்று. அங்கே நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்கள், ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்கு ரொம்ப நேரம் மனசு ஆறவில்லை, ஏனென்றால் அதற்கு முந்தைய வருடங்களில் எங்கள் மேசையிலும் சிப்ஸ் பாக்கெட்டும் வாழைப்பழத் தோலும் கேட்பாரில்லாமல் கிடந்திருக்கின்றன. எந்தக் குதிரை வந்து முகர்ந்துவிட்டுப் போனது என்று யாருக்குத் தெரியும். சாலையோரம் வண்டியை நிறுத்தித் தீனி கொடுப்பதும் அப்படித்தான். அப்புறம் அவை ஒவ்வொரு வண்டியிலும் தீனி இருக்கும் என்று சாலைக்கு வந்து நிற்கும். வண்டி மோதி இறந்த குதிரைகள் அந்தத் தீவில் உண்டு.

ஆகவே சாப்பாடு எல்லாமே வண்டிக்குள், கதவு பூட்டி, கண்ணாடி ஏற்றி. கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட்கூட வேண்டாம், குதிரை துணியைக் கிழித்துவிடும். ஐஸ் பெட்டியை வெளியே வைத்தே ஆக வேண்டும் என்றால் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியாக இருக்கட்டும், மூடியைச் சுற்றி முறுக்கி இறுக்கும் பட்டை ஒன்று போட்டு மேசைக்கு அடியில் தள்ளிவிடுங்கள். சாதாரணக் கொக்கி மூடியைக் குதிரை மூக்காலேயே திறந்துவிடும், துணிப்பை வகை ஐஸ் பெட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாத்திரம் கழுவிய தண்ணீரில் சோற்றுப் பருக்கை, பருப்பு எதுவும் மணலில் கொட்டக் கூடாது. குப்பையைச் சேர்த்து வைக்காதீர்கள், அப்போதைக்கப்போது தொட்டியில் போட்டுவிடுங்கள்.

நம் சமையலுக்கு அந்தத் தீவு நன்றாகவே ஒத்துவரும் என்பது என் அனுபவம். முதல் நாளுக்குப் புளியோதரையும் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் கட்டிக்கொண்டு போய்விடுங்கள், கட்டுச்சோறு கட்டுவதில் நம் பாட்டிமார் ஏற்கெனவே தேர்ந்தவர்கள். இரண்டாம் நாள் ரவையை வீட்டிலேயே வறுத்துக் கொண்டுபோனால் உப்புமா பத்து நிமிடம். கேஸ் அடுப்புக்கு மூன்று பக்கமும் காற்றுத் தடுப்பு வேண்டும், இல்லாவிட்டால் சுடர் அணைந்துகொண்டே இருக்கும். சாதம் வடிக்கிற வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், எத்தனை ஜாக்கிரதையாக இருந்தாலும் மணல் விழும். ராத்திரி நெருப்பு மூட்ட ஒவ்வொரு இடத்திலும் இரும்பு வளையம் இருக்கும். விறகை வீட்டுப் பக்கத்திலிருந்து கொண்டுபோகாமல் அங்கேயே வாங்குங்கள், விறகோடு மரம் அரிக்கும் பூச்சியும் பயணம் செய்யும். நெருப்பை மணல் போட்டு மூடவே கூடாது. மணலுக்கு அடியில் கரி மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், மேலே பார்த்தால் தெரியாது, வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தை அதில்தான் மிதிக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள்.

காற்றைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கூடாரத்தோடு பெட்டியில் வரும் விரலளவு முளைகள் அந்த மணலில் நிற்கவே நிற்காது. எங்கள் முதல் பயணத்தில் ராத்திரி ஒரு மணிக்குக் காற்று திரும்பி அடித்து நாலு முளையும் பிடுங்கிக்கொண்டு கூடாரம் எங்கள் மேலேயே படுத்துவிட்டது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மீதி ராத்திரியை வண்டியில் கழித்தோம். ஒன்றரை அடி நீளமுள்ள மணல் முளை என்றே கேட்டு வாங்குங்கள். அதுவும் போதாத காற்றுக்கு ஒரு வழி இருக்கிறது: கெட்டித் துணிப்பையில் மணலை நிரப்பிக் கயிற்றை அதில் கட்டி ஓரடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள், அசையாது. கூடாரம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நிழல் பந்தல் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் கூடார இடங்களில் நிழல் தரும் மரம் அநேகமாக இல்லை, ஆனால் தூங்கப் போகும் முன் பந்தலை மடக்கிவிடுங்கள். இடி மின்னல் வந்தால் கூடாரத்தில் உட்கார்ந்திருக்காமல் எல்லோரும் வண்டிக்குள்.

பூச்சி. ஜூலை, ஆகஸ்டில் கொசு, கூடவே பச்சைத் தலையுள்ள ஒரு கடி ஈ, துணிமேலேயே கடிக்கும். தீவின் மேற்குப் பக்கம் முழுக்கச் சதுப்பு, கிழக்கே கடல். கடலிலிருந்து காற்று அடிக்கும் வரைக்கும் ஒரு தொந்தரவும் இருக்காது. காற்று மேற்கே திரும்பியதும் சதுப்புக் கொசு மொத்தமும் நம் மேல்தான். அதனால் போகும் முன் மழை எவ்வளவு என்று பார்ப்பதைவிட, காற்று எந்தத் திசை என்று பாருங்கள். நிலக்காற்று இரண்டு நாளும் என்று காட்டினால் ஜூலையில் நானே பயணத்தைத் தள்ளிப் போட்டுவிடுவேன். பூச்சி விரட்டி மருந்து, சாயங்காலத்துக்கு முழுக்கை முழுக்கால் மெல்லிய துணி, நாலு பக்கமும் வலையுள்ள பந்தல், இவை இருந்தால் செப்டம்பரைச் சமாளிக்கலாம். உண்ணி தனி விஷயம், அது லைம் நோயைப் பரப்பும். புல்லிலும் புதரிலும் ஏறி நடக்காதீர்கள். ராத்திரி பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால், அக்குள், இடுப்புப் பட்டி பதியும் இடம், முட்டிக்குப் பின்புறம் எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். மூன்று மூன்று இலையாக இருக்கும் கொடியைத் தொட விடாதீர்கள், அரிப்புக் கொடி அது, தீவு முழுக்க இருக்கிறது.

கடலில் இறங்குவது பற்றி ஒரு வார்த்தை. மெரினாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அலையின் மேல் மரியாதை உண்டு, அது அப்படியே இருக்கட்டும். இங்கே அலை கரையிலேயே உடைந்து ஆளைத் தலைகுப்புறக் கவிழ்க்கும், அதோடு உள்ளே இழுக்கும் நீரோட்டமும் உண்டு. கோடையில் உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியும் நேரமும் குறித்திருப்பார்கள், அங்கே மட்டும் இறங்குங்கள். தொழிலாளர் தினத்துக்கு அப்புறம் போனால் காப்பாளரை நம்ப வேண்டாம், பிள்ளைகள் முட்டிக்கு மேல் போகக் கூடாது, பெரியவர் ஒருவர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். யாரையாவது நீரோட்டம் இழுத்தால் அதை எதிர்த்துக் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். செப்டம்பரில் எங்கோ தூரக் கடலில் புயல் இருந்தாலே இங்கே வெயில் அடிக்கும் நாளில்கூட இந்த இழுப்பு பலமாக இருக்கும். சின்னவனுக்குத் தண்ணீரில் ஆட வேண்டும் என்றால் மேற்குப் பக்கம் உப்பங்கழிக்குக் கூட்டிப் போங்கள். அலையே இல்லை, வெகுதூரம் வரை முழங்கால் ஆழம்.

குதிரையைப் பார்த்த சந்தோஷத்தில் மற்றவற்றை விட்டுவிடாதீர்கள். சாயங்காலம் இருட்டியதும் டார்ச்சோடு கடற்கரைக்குப் போனால் மணல் நிறத்தில் நண்டுகள் கண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடும், என் பையனுக்கு அந்த வயதில் குதிரையைவிட அதுதான் பிடித்தது. கூழைக்கடாக்கள் வரிசையாக அலையைத் தொட்டுக்கொண்டு போகும், விரால் அடிப்பான் என்ற பறவை உப்பங்கழியில் மீன் தூக்கும். செப்டம்பர் கடைசியில் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் மெக்சிகோவுக்குப் போகிற வழியில் மணல்மேட்டுப் பூக்களில் இறங்கும். அப்புறம் சிகா மான், நாய் உயரத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, முதுகில் வெள்ளைப் புள்ளியோடு. நம் புள்ளிமானின் நினைவு வரும், ஆனால் அது ஆசியாவிலிருந்து 1920-களில் கொண்டுவந்து விட்டது. இலையுதிர் காலத்தில் ஆண் மான் ராத்திரியில் கீச்சென்று ஒரு கத்துக் கத்தும், யாரோ பெண் அலறுவது போல. அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

ஒரு சின்னப் பறவையைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். உப்புக்கொத்தி இனம், குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, உலர்ந்த மணலின் நிறம். மணலில் ஒரு குழி பறித்து அதிலேயே முட்டை இடும், முட்டையும் மணல் நிறம், ஆள் மிதித்த பிறகுதான் தெரியும். அட்லாண்டிக் கரையில் 1986-இலிருந்து அழியும் ஆபத்துப் பட்டியலில் இருக்கும் பறவை. வசந்தத்திலும் கோடையிலும் தீவின் வடக்குப் பகுதியில் கயிறு கட்டி மூடியிருப்பார்கள், அந்தக் கயிற்றைத் தாண்டாதீர்கள். நாம் சிந்தும் சாப்பாடு இங்கேயும் வந்து நிற்கிறது: எச்சில் தேடி நரியும் கடற்காகமும் கூடும் இடத்தில் அடுத்து அவை தின்பது இந்தக் குஞ்சுகளைத்தான்.

பகல் வெயிலில் கடற்கரையில் இருக்க முடியாத நேரத்துக்கு, தேசியக் கடற்கரைப் பக்கம் சதுப்பு, காடு, மணல்மேடு என்று மூன்று நடைபாதைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் அரை மைலிலிருந்து முக்கால் மைல் வரைதான், அம்மாவாலும் முடியும். சதுப்புப் பாதைக்குப் பலகைத் தளம் இருக்கிறது. மணல்மேட்டுப் பாதையில் தார் ரோட்டுத் துண்டுகள் மணலுக்கு நடுவே கிடப்பதைப் பார்ப்பீர்கள், அங்கே கொஞ்சம் நில்லுங்கள். 1950-களில் இந்தத் தீவை மனை மனையாகப் பிரித்து விற்றார்கள், நடுவில் நீளமாக ஒரு சாலைகூடப் போட்டாயிற்று. 1962 மார்ச்சில் மூன்று நாள் நகராமல் நின்ற ஒரு புயல், ஏற்றத்துக்கு மேல் ஏற்றமாக வந்து வீடுகளையும் சாலையையும் அடித்துக்கொண்டு போனது. அதற்கு அப்புறம் இங்கே ஊர் கட்டக் கூடாது என்ற பேச்சு வலுத்தது, 1965-இல் தேசியக் கடற்கரை ஆயிற்று. அந்தப் புயல் வராமல் போயிருந்தால் குதிரைகள் நிற்கும் இடத்தில் இன்று ஹோட்டல்கள் இருந்திருக்கும். வடக்கே திரும்பிப் பார்த்தால் ஓஷன் சிட்டியின் மாடிக் கட்டடங்கள் தெரியும், 1933 சூறாவளி நடுவில் வெட்டிவிடும் வரைக்கும் அதுவும் இதுவும் ஒரே நிலம்.

அம்மாவுக்குச் சரிப்படுமா என்றால், தரையில் படுக்கவைக்காத வரைக்கும் சரிப்படும். மடக்குக் கட்டில் ஒன்றும், கை வைத்த உயரமான நாற்காலி ஒன்றும் வாங்கிவிடுங்கள். தாழ்வான கடற்கரை நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் வலிக்காரர்களால் எழுந்திருக்க முடியாது. நடப்பதற்குச் செருப்பைவிட, பின்பக்கம் பட்டை உள்ள சாண்டல் மணலில் வசதி. மாத்திரைகளை வண்டியில் விடாதீர்கள், உள்ளே சூடு ஏறிவிடும். தெர்மாஸ் மாதிரி ஒரு டப்பாவில் போட்டு நிழலில் உங்கள் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நேரமும் முக்கியம். வாஷிங்டன் பக்கத்திலிருந்து 50-ஆம் நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரப் பயணம்தான், ஆனால் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் கிளம்பினால் செசபீக் பாலத்துக்கு முன்பே நின்றுவிடுவீர்கள். காலையில் கிளம்புங்கள். பால், தண்ணீர், ஐஸ் எல்லாவற்றையும் தீவுக்கு முன்னால் வரும் பெர்லின் என்ற ஊர்ப் பக்கத்திலேயே வாங்கிக்கொண்டு தீவுப் பாலம் ஏறுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் நின்றுவிட வேண்டும். புறப்படும் முன் ஒரு தடவை வீட்டுத் தோட்டத்திலோ பக்கத்துப் பூங்காவிலோ கூடாரத்தைப் போட்டுப் பார்த்துவிடுங்கள், முதல் தடவையாக அந்தக் காற்றில் விரிக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகள் தூங்கட்டும், அம்மாவை மட்டும் சூரியன் உதிக்கும் முன் எழுப்பிக் காபியை ஃபிளாஸ்கில் எடுத்துக்கொண்டு மேட்டைக் கடந்து கூட்டிப்போங்கள். அந்த நேரத்தில் கடற்கரையில் மனிதர்கள் இருக்க மாட்டார்கள், குதிரைகள் அநேகமாக இருக்கும். ஒரு பேருந்து தூரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள்.